மஹருக்கு ஒரு மைக்கூடு

பாகூர்,
11 செப்டம்பர் 1988

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தை அத்தா படித்துவிட்டுத்தான் உறையில் போடுவார். நிச்சயம் ஆன பெண் மாப்பிள்ளைக்கு எழுதுகிற சங்கதி எதையும் இதில் தேடாதீர்கள். கம்ப்யூட்டர் விஷயம் மட்டும்தான்.

மெஷின் வந்து சேர்ந்தது. கன்னியக்கோயில் வரைக்கும் வேன் ஒழுங்காக வந்ததாம். அதற்குப் பிறகு ரோடு குண்டும் குழியுமாக இருக்கிறதே என்று, டி.வி. மாதிரி இருக்கிற பெட்டியை அத்தா மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். என்னைக்கூட அவர் அப்படித் தூக்கியிருக்க மாட்டார். நம் தட்டச்சுப் பயிலகத்தில், டைப் மெஷின்கள் வரிசையைத் தாண்டி, ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி வாசலுக்கு நேராக வைத்திருக்கிறோம்.

ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. ஏரிப் பாசன சங்கத்துத் தலைவர் மணவாளன், கறுப்புத் திரையில் மின்னிக்கொண்டிருந்த சின்னக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இன்னா பாய், இது எப்பப்பா ஆரம்பிக்கும்?" என்றார். ஆரம்பித்தாயிற்று, இவ்வளவுதான் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. விற்றவர், மெஷினைக் கிளப்புகிற டாஸ் என்கிற புரோகிராமை, அதிலும் புதுசை, மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறார். மெஷின் முழித்துக்கொள்கிறது, பிறகு சும்மா உட்கார்ந்திருக்கிறது. எழுத ஒரு புரோகிராம் வேண்டும். இங்கிலீஷுக்கு வேர்ட்ஸ்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கும் சம்மதம். தமிழுக்குத்தான் யோசனை. பாண்டியில் ஒரு கடைக்காரர் ஒன்றைக் காட்டினார். உங்கள் கம்பெனியில் நீங்கள் செய்துகொண்டிருக்கிற 'மைக்கூடு' இருக்கிறது. அத்தாவைக் கேட்டால், "வூட்டு மாப்ள செஞ்சது இருக்கறப்ப கடையில இன்னா வேல?" என்கிறார்.

மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுத்தது அத்தா. புரோகிராமைத் தேர்ந்தெடுப்பது நான். பிப்ரவரியில் என் பெண்கள் அரசுத் தட்டச்சுத் தேர்வு எழுதுகிறார்கள். அவர்கள் விரலுக்கு எது ஒத்து வருகிறதோ அதைத்தான் வாங்குவேன். அனுப்பி வையுங்கள், பார்க்கிறேன்.

தாஜ் நிஷா


சென்னை,
20 செப்டம்பர் 1988

அன்புள்ள நிஷாவுக்கும், உறையைப் பிரிக்கிற மாமாவுக்கும்,

வ அலைக்கும் ஸலாம். கடலூருக்கு வருகிற நண்பனிடம் மைக்கூட்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இரண்டு அட்டைக்கு நடுவே கறுப்பாக, மெலிசாக இருப்பதுதான் ஃபிளாப்பி. வளைக்கக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது. மாமா அதை மாதக் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிவிடக் கூடாது.

பாண்டிக் கடைக்காரர் காட்டியதைப் பற்றி விசாரித்தேன். அது பழைய டாஸுக்குச் செய்தது. உங்கள் புது டாஸில் ஓடாது. தமிழ் வேண்டுமென்றால் மெஷினை நிறுத்தி, பழைய டாஸ் ஃபிளாப்பியைச் செருகி, மறுபடி கிளப்ப வேண்டும். இங்கிலீஷுக்குத் திரும்ப இன்னொரு தடவை. மைக்கூட்டுக்கு அந்தத் தொல்லை கிடையாது. வேர்ட்ஸ்டாருக்குப் பக்கத்திலேயே சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். கீ எல்லாம் டைப் மெஷினில் இருக்கிற அதே இடத்தில்தான். எழுத்தைப் பார், நிஷா. ஒவ்வொன்றையும் புள்ளி புள்ளியாக நானே வரைந்தேன். ழகரத்தின் வால் எனக்குச் சரியாக வந்த அன்று ஆபீசில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். முதலாளி சிவப்பிரகாசம் சார், பொங்கலுக்குள் ஒரு பயிலகமாவது இதை எடுக்காவிட்டால் தமிழ் வேலையையே மூடிவிடுவதாகச் சொல்லிவிட்டார். பிறகு என்னை அடகுக் கடைக் கணக்கு புரோகிராமில் உட்கார வைப்பார். உன்னை நெருக்குவதற்காக இதை எழுதவில்லை. கொஞ்சம் நெருக்குவதற்காகத்தான்.

ஹபீப் முகமது


பாகூர்,
9 அக்டோபர் 1988

மச்சான்,

உங்கள் மைக்கூடு எங்கள் மானத்தை வாங்கிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன், பிறகு சிரியுங்கள்.

மழைக்கு முன்னால் வாய்க்கால் தூர்வார விவசாயிகளைக் கூட்ட வேண்டும், கம்ப்யூட்டரிலேயே ஒரு நோட்டீஸ் அடித்துக் கொடும்மா என்று மணவாளன் வந்தார். முதல் வேலை. என்னிடம் இருப்பதிலேயே வேகமான கை, செலியமேட்டு அமுதம். அவளை உட்கார வைத்துவிட்டு நான் சாப்பிடப் போனேன். அடித்தாள், பிரிண்டரைக் கிளப்பினாள், அடுக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டாள். டீக்கடையில், கூட்டுறவு சங்கத்தில், கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் எல்லாம் ஒட்டியாயிற்று.

'மக்கள்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ம்கக்ள' என்று இருந்தது. எல்லா வார்த்தையும் அப்படியே. டீக்கடையில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். மணவாளன் நோட்டீஸோடு வந்து, "ஊரு ஆளுங்கள ஏம்மா இப்பிடி கக்க வுட்டுட்ட?" என்றார். அமுதம் அழுதுகொண்டே பஸ் ஏறினாள். மூன்றாம் நாள் நானே செலியமேட்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன்.

தப்பு அவள் மேல் இல்லை. டைப் மெஷினில் புள்ளியை அடித்தால் உருளை நகராது. அதனால் முதலில் புள்ளி, பிறகு அதே இடத்தில் அதன் கீழே எழுத்து. தமிழ் டைப் படித்த எல்லோருக்கும் விரல் அப்படித்தான் போகும். உங்கள் மைக்கூட்டில் எழுத்தை அடித்துவிட்டுப் புள்ளி வைக்க வேண்டுமாம். அவள் வழக்கம்போல் புள்ளியை முதலில் அடித்திருக்கிறாள், அது முந்தின எழுத்தின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஏன் அவள் திரையைப் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். டைப் அடிக்கிறவள் கையையும் பார்க்கக் கூடாது, மெஷினையும் பார்க்கக் கூடாது, பக்கத்தில் இருக்கிற மூலத்தைத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பழக்கியவள் நான்தான்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா சிங்காரவேலுகூடச் சொன்னார். சைகோனில் அவர் அடித்த பிரெஞ்சு மெஷினிலும் எழுத்துக்கு மேலே வருகிற தொப்பியை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிப்பார்களாம்.

ஆகவே, புள்ளி முன்னால் வருகிற மாதிரி மாற்றிக் கொடுங்கள். உங்கள் வழியில் பழகினால் பிப்ரவரியில் டைப் மெஷின் முன்னால் உட்காரும்போது இவர்கள் விரல் குழம்பிப் போகும். பாதிப் பேருக்குத் தேர்வுக்குப் பிறகுதான் வேலையோ கல்யாணமோ. எழுத்து மட்டும் அழகாக இருக்கிறது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

நிஷா


சென்னை,
16 அக்டோபர் 1988

நிஷா,

சிரிக்கவில்லை. சிவப்பிரகாசம் சாரிடம் நீ அனுப்பிய நோட்டீஸைக் காட்டினேன், அவர் சிரித்தார்.

ஒண்ணாம் வகுப்புப் பிள்ளையிடம் சிலேட்டைக் கொடுத்துப் பார். எழுத்தை எழுதிவிட்டுத்தான் அதன் தலையில் புள்ளி வைக்கும். புள்ளியை முதலில் வைத்துவிட்டு எழுத்தைத் தேடுகிற கூட்டத்தை உன் பயிலகத்தில்தான் பார்க்கிறேன். டைப் மெஷினுக்கு வேறு வழி தெரியவில்லை, அதனால் அப்படி வைத்தார்கள். அந்த மெஷினின் நொண்டலை நீங்கள் எல்லோரும் நடை என்று பழகிக்கொண்டீர்கள். நாளைக்கு டைப் மெஷினே இருக்காது. அன்றைக்கு எது சரியோ அதைத்தான் நான் செய்திருக்கிறேன். ஒரு வாரம் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்குப் பழகிவிடும்.

மாற்றுவது லேசான வேலையும் இல்லை. அடித்த எழுத்தை வாங்கி வைக்கிற இடம், திரையில் போடுகிற இடம், அழிக்கிற இடம் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். பொங்கலுக்குள் எப்படி முடியும்?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபப்படாதே. நிக்காஹ் முடிந்தால் நீ சென்னைக்கு வந்துவிடப் போகிறாய். அந்தப் பெண்களின் விரல் எப்படிப் போனால் உனக்கு என்ன?

ஹபீப்


பாகூர்,
22 அக்டோபர் 1988

திரு. ஹபீப் முகமது அவர்களுக்கு,

பாண்டிக் கடைக்காரரிடம் தமிழ் புரோகிராம் வாங்கிவிட்டோம். மெஷினை நிறுத்திக் கிளப்பித்தான் அடிக்க வேண்டியிருக்கிறது. புள்ளி முன்னால் வருகிறது. பெண்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

உங்கள் ஃபிளாப்பியை வளைக்காமல், வெயிலில் வைக்காமல் இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நான் சென்னைக்கு வருவதாக யாரிடம் சொன்னேன்?

இந்தக் கடிதத்தை அத்தா படித்தார். "இவ்ளோ காரம் வேணாம்மா" என்றார். நான் ஒரு வரியையும் எடுக்கவில்லை.

தாஜ் நிஷா


சென்னை,
4 டிசம்பர் 1988

நிஷா,

நீ பதில் போடாமல் போகலாம். நான் எழுதாமல் இருக்க முடியவில்லை.

திருவல்லிக்கேணியில் என் அறைக்குக் கீழேயே ஒரு தட்டச்சுப் பயிலகம் இருக்கிறது. அதன் சத்தம்தான் தினமும் என்னை எழுப்பும். போன மாதம் அங்கே சேர்ந்துவிட்டேன். தமிழ், லோயர். காலை பேட்ச். முழுக்கப் பெண்கள், நடுவில் நான் ஒருத்தன். மாஸ்டர் பக்கிரி என்பவர் ஸ்கேலோடு பின்னால் நிற்பார். கையைப் பார்த்தால் முட்டியில் ஒன்று விழும். பி.எஸ்சி. படித்தவன் என்று சொன்னேன். "அது அங்க, இது இங்க" என்றார்.

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு நாள் பக்கத்தில் இருந்த பெண்ணின் கை போகிற வேகத்தில் நானும் போய்ப் பார்க்கலாம் என்று கண்ணை மூலத்தில் வைத்தே அடித்துக்கொண்டு போனேன். நிமிர்ந்து பார்த்தால் புள்ளியெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. நான் ஒன்றும் யோசிக்கவே இல்லை. சந்தோஷத்தில் ஆபீசுக்குப் போய் அதே கையோடு மைக்கூட்டைத் திறந்து அடித்தேன். ம்கக்ள என்று வந்தது.

அமுதத்திடம் சொல். அந்த அழுகையில் எனக்கும் பங்கு உண்டு.

கீழே இருக்கிற பெண்களிடம் பேசிப் பார்த்தேன். ஒருத்திக்கு எல்.ஐ.சி.யில் வேலை கிடைக்கும் என்று வீட்டில் மாப்பிள்ளையைக் காத்திருக்க வைத்திருக்கிறார்கள். இன்னொருத்தி, "பாஸ் பண்ணாட்டி அக்கா புள்ளைங்கள பாத்துக்கிட்டு வூட்லயே கெடக்க வேண்டிதுதான்" என்றாள். அவர்கள் விரல் எப்படிப் போனால் உனக்கு என்ன என்று நான் கேட்டேன். எனக்கே அந்த வரியைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. நிஷா, என்னிடம் பேசு.

வேறொரு விஷயம். நிக்காஹ் தேதி நெருங்குகிறது. மஹராக என்ன வேண்டும் என்று பெண்ணைக் கேட்டு எழுது என்று அம்மா தினமும் உயிரை எடுக்கிறாள். மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுத்தே ஆக வேண்டியது, பெண் கேட்பதுதான் கணக்கு, மாமா கேட்டுச் சொன்னால் அது செல்லாது என்கிறாள். எத்தனை சவரன் என்று நீயே எழுது.

ஹபீப்


பாகூர்,
12 டிசம்பர் 1988

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முட்டியில் ஸ்கேல் விழுந்த இடத்தை அமுதத்துக்கு வாசித்துக் காட்டினேன். இன்னும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். அவள் கணக்கு தீர்ந்தது. என் கணக்கு பாதி தீர்ந்தது.

மஹர் பற்றிக் கேட்டீர்கள். எனக்குச் சவரன் வேண்டாம். மைக்கூடு வேண்டும். புள்ளி முன்னால் வருகிற மைக்கூடு. இந்தப் புது டாஸில் நிறுத்தாமல் கிளப்பாமல் ஓட வேண்டும். உங்கள் எழுத்து, உங்கள் ழகரம், எங்கள் விரல். அது எனக்கே சொந்தமாக இருக்க வேண்டும். பாண்டிக் கடைப் புரோகிராமில் தமிழ் எழுத்தெல்லாம் வெயிலில் போட்ட வடகம் மாதிரி கோணிக்கொண்டு வருகிறது. தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் மாறி மாறி மெஷினை அணைத்துக் கிளப்பி என் கை ஓய்ந்துவிட்டது. வாங்கியது தப்பு என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு அதுதான் சரி.

அத்தா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜமாஅத்தில் சிரிப்பார்களே என்று பயம். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் நானே கேட்டு வரச் சொன்னேன். அவர் நம் பயிலகத்துக்கே வந்துவிட்டார். பாண்டிக் கடை ஃபிளாப்பியைக் காட்டி, இது மாதிரி ஒன்று என்றேன். "இத்த கையில வச்சிக்கலாமாம்மா?" என்றார். வைத்துக்கொள்ளலாம், வளைக்கக் கூடாது என்றேன். "வெல உண்டா?" உண்டு. "கொடுக்கறவனுக்குச் சொந்தமா?" கம்பெனியில் செய்தது என்றேன். கம்பெனிப் பொருளை மஹராகக் கொடுக்க முடியாது, அவனுக்குச் சொந்தம் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் முடியுமா முடியாதா என்று எழுதுங்கள். முடியாவிட்டால் ஒரு சவரனோடு நிறுத்திக்கொள்வேன், சண்டை போட மாட்டேன். ஆனால் பயிலகத்தை விட்டு வர மாட்டேன். நிக்காஹ்வுக்குப் பிறகும் காலை பேட்ச் என்னுடையது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றினேன் என்று பேச்சு வரக் கூடாது.

நிஷா


சென்னை,
18 ஜனவரி 1989

என் நிஷாவுக்கு,

(மாமா, இந்த ஒரு வார்த்தையை மட்டும் படிக்காமல் விட்டுவிடுங்கள்.)

பொங்கல் வந்தது, போனது. ஒரு பயிலகமும் கேட்கவில்லை. சிவப்பிரகாசம் சார் என்னைக் கூப்பிட்டுத் தமிழ் வேலையை மூடியாயிற்று என்றார். அடகுக் கடைக் கணக்குக்கு மேஜை போட்டாயிற்று. நான் அழுவேன் என்று நினைத்திருப்பார் போல. மைக்கூட்டை எனக்கே கொடுத்துவிடுவீர்களா சார் என்று கேட்டேன். எதற்கு என்றார். மஹருக்கு என்றேன். அது என்ன என்று விளக்கியதும் மனுஷனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எடுத்துக்கப்பா. இத யாரு கேக்கப் போறா? என் மொய்யா வச்சுக்கோ" என்று கம்பெனித் தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆக எனக்குச் சொந்தம். ஹஜ்ரத்திடம் சொல்.

புள்ளி முன்னால் வந்துவிட்டது. உன் கடிதம் வந்த நாளிலிருந்து ஆபீஸ் முடிந்ததும் அதுதான் வேலை. ஒன்றைப் பிடுங்கினால் இன்னொன்று சரிந்தது. அழிக்கிற கீயை அழுத்தினால் எழுத்து போய்ப் புள்ளி மட்டும் அந்தரத்தில் நின்றது. அதையும் சரி செய்தேன். கீழே இருக்கிற பெண்களை ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய் அடிக்க வைத்தேன். பக்கிரி மாஸ்டரும் வந்தார். திரையை ஒரு தடவைகூடப் பார்க்காமல் ஒரு பக்கம் அடித்துவிட்டு, பிறகு பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றார். அவர் யாரையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

காலை பேட்ச் உன்னுடையது. நான் சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கள் விடியற்காலை பஸ் ஏறிக்கொள்கிறேன். அம்மாவிடம் சொன்னேன். "அவ சொல்லிட்டுச் செய்றா, நீ சொல்லாமச் செய்வ" என்று உன் பக்கம் சாய்ந்துவிட்டாள்.

இன்னொரு வேண்டுகோள். பிப்ரவரி தேர்வுக்கு உன் பயிலகம் மூலமாகத்தான் நான் பணம் கட்டினேன், மாமாவுக்குத் தெரியும், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றேன். கடலூர் சென்டரில் உன் பெண்களோடு நானும் உட்காருகிறேன். பாகூர் பயிலகம் அத்தனை பேரும் தேறினார்கள் என்று நோட்டீஸ் அடிக்கும்போது என் பெயரும் அதில் இருக்க வேண்டும் என்று ஆசை.

ஹபீப்


பாகூர்,
23 மே 1989

என் மச்சானுக்கு,

பெருநாளுக்கு வந்துவிட்டுப் போன பிறகு இரண்டு வாரமாக ஆபீஸ் உங்களை விடவில்லை, வீட்டில் இன்னும் உங்கள் அத்தர் வாசனை இருக்கிறது. இந்தக் கடிதத்தை அத்தா படிக்கவில்லை. நிக்காஹ் ஆனதிலிருந்து நிறுத்திவிட்டார். அவருக்குத்தான் பொழுது போகவில்லை.

தேர்வு முடிவு வந்துவிட்டது. அமுதம் முதல் வகுப்பு. செலியமேட்டிலிருந்து அவள் அம்மா தையலம்மாள் ஒரு கூடை கத்தரிக்காயோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. மற்றப் பெண்கள் எல்லோரும் தேறிவிட்டார்கள்.

நீங்கள் தேறவில்லை.

எனக்கு ஆச்சரியம் இல்லை. தேர்வுக்கு முதல் நாள் இங்கே பழகினீர்களே, அந்தத் தாளை மேஜை இழுப்பில் பார்த்தேன். வேகமெல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் பதற்றத்தில் உங்கள் விரல் பழைய மைக்கூட்டுக்குப் போய்விட்டது. எழுத்தை அடித்துவிட்டுப் புள்ளி அடித்திருக்கிறீர்கள். புள்ளியெல்லாம் அடுத்த எழுத்தின் தலையில் உட்கார்ந்திருக்கிறது, கடைசிப் புள்ளி வெறும் காகிதத்தில். கடலூரிலும் அதையேதான் செய்திருப்பீர்கள். அமுதத்திடம் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். டீக்கடையில் ஒட்டலாமா என்று மணவாளன் கேட்கிறார். நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். போன வாரம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் சிவப்பிரகாசம். பக்கிரி மாஸ்டர் போகிற இடத்தில் எல்லாம் சொல்லியிருக்கிறார் போல. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சென்னையிலும் பயிலகங்கள் புள்ளி முன்னால் வருகிற மைக்கூடு வேண்டும் என்று அவர் கம்பெனிக் கதவைத் தட்டுகின்றனவாம். உங்களைக் கேட்டாராம். அது என்னிடம் இல்லை, நிக்காஹ் பதிவு செய்கிற தஃப்தரில் எழுதி என் மனைவிக்குக் கொடுத்தாயிற்று, பாகூருக்கு எழுதுங்கள் என்று சொன்னீர்களாம். மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். நானும் மரியாதையாகப் பதில் எழுதினேன், நம் மைக்கூட்டிலேயே, நானே அடித்து.

தாராளமாக விற்கலாம், அதற்கு உண்டான பங்கைக் கொடுத்தால் போதும் என்றேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். மைக்கூடு இருக்கிற இடம் பாகூர். அதைத் திருத்துகிறவர், புது டாஸ் வருகிறபோதெல்லாம் அதற்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிறவர், இந்த மெஷின் முன்னால் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். சென்னைக்கு மாதத்தில் இரண்டு நாள் வந்தால் போதும்.

நேற்று பதில் வந்தது. ஒத்துக்கொண்டுவிட்டார். அடகுக் கடைக் கணக்கை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு ஜூன் முதல் வாரம் உங்களை அனுப்புகிறாராம். உங்களிடம் அவரே சொல்வதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டும் என்றுதான் இன்றைக்கே தபாலில் சேர்க்கிறேன். கேட்காமல் செய்துவிட்டேன் என்று கோபம் வந்தால், நேரில் வந்து சண்டை போடுங்கள். நான் காத்திருக்கிறேன்.

மெஷினுக்குப் பக்கத்தில் உங்களுக்கு மேஜை போட அத்தா ஆசாரியைக் கூப்பிட்டிருக்கிறார். ஆகஸ்ட் தேர்வுக்கு உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டேன். ஃபீஸில் சலுகை கிடையாது. காலை பேட்ச்சில் ஒரு இடம்தான் இருக்கிறது, அமுதத்துக்குப் பக்கத்தில். அவள் இப்போது எனக்கு உதவி ஆசிரியை. கையில் ஸ்கேல் வைத்திருக்கிறாள்.

உங்கள்
தாஜ் நிஷா